வெந்த எலும்பும் வீட்டு நாயும்

விழா மலர்களிற் கட்டுரை வரைவோர் தாபகரின் தியாகத்தையும், அதிபர்களின் பெருமையையும், துடுப்பாட்ட மைதானத்தில் நிகழ்ந்த வீரச் செயல்களையும் எழுதுதல் மரபு. அவற்றை எழுதவல்ல அன்பர்கள் பலர் உளர். ஆகலின் நாம் அவர்தம் வழியிற் குறுக்கிடாது மிக எளிய பொருளொன்றை எடுத்துக்கொள்கின்றோம். வீட்டு நாய் சமைத்த எலும்பைத் தின்றுவிட்டால் யாது செய்தல் வேண்டும் என்பதே அப்பொருள். இதுவும் ஒரு பொருளா எனச் சிலர் புன்னகை செய்யலாம். புன்னகை செய்க, ஆயினும் இறுதிவரை வாசிக்க. எம் பழைய மாணவருள் நாயில்லா வீட்டினர் சிலரே. எலும்பு விழாத முற்றம் உடையார் அவரினுஞ் சிலர்.

நாயை இழித்துப் பேசுவது நம்மவர் நாவிற் பழகிப்போயிற்று. ஒருவரை வைய வேண்டுமாயின் அதன் பெயரையே முதலில் எடுக்கின்றோம். ஆயின், தம்பியரும் தாரமும் வழியில் வீழ்ந்த பின்னரும் தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமன் மறுத்தான் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. வைரவர் கோயிலிலே நாய் வாகனத்தின் முன் கைகூப்பி நின்றுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் மற்றொரு நாய்க்குக் கல்லெடுப்பதும் நமக்கு முரணாகத் தோன்றுவதில்லை. கல்லெடுக்காத நல்லவர்களோ, அன்பின் மிகுதியால், தாம் உண்ட கலத்தில் எஞ்சிய எலும்பை எடுத்து எறிகின்றனர். சிலவேளைகளில் அவர் எறிந்த எலும்பு மற்றவர் எறிந்த கல்லினுங் கொடிதாய் முடிகின்றது. அதனைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

எமது கல்லூரி விடுதியிற் சைவ உணவே பரிமாறப்பட்டது. சமையற்கூடத்தின் பின்புறத்தில் வாழ்ந்த நாய்கள் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் தின்று கொழுத்தன. எலும்பு என்பது மதிலுக்கு அப்பாலுள்ள உலகத்துச் சங்கதி என்றே அவை எண்ணியிருத்தல் வேண்டும். ஆதலால் இவ்விடயத்தில் விடுதி வாழ்க்கை எமக்கு ஒன்றுங் கற்பிக்கவில்லை. கற்பித்தது விஞ்ஞான ஆய்வுகூடம்.

கீழ்வகுப்பொன்றில் எமது ஆசிரியர் இரண்டு கோழியெலும்புகளைக் கடதாசியிற் சுற்றிக் கொணர்ந்தார். ஒன்றை ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் இட்டுச் சில நாள் வைத்தார். மற்றதைச் சுடரிற் பிடித்து நெடுநேரம் வாட்டினார். அமிலத்திற் கிடந்த எலும்பு இரப்பர்போல் வளைந்தது. அதனை முடிச்சிட்டுங் காட்டினார். தீயில் வாட்டிய எலும்போ வடிவம் மாறாதிருந்தும், விரலால் அழுத்தியவுடன் நொருங்கிற்று. எலும்பு இருவகைப் பொருள்களின் கூட்டு என்பதை அன்று அறிந்தோம். கல்சியம் பொசுபேற்று முதலான கனிப்பொருள்கள் அதற்குக் கடினத்தைத் தருவன. கொலாசன் என்னும் புரதம் அதற்கு நெகிழ்வைத் தருவது. அமிலம் முன்னதைக் கரைத்தது. தீ பின்னதை அழித்தது. பரீட்சைக்காக மனனஞ் செய்த பாடங்கள் பல மறந்தொழிந்தன. முடிச்சிட்ட அந்த எலும்பு மாத்திரம் மறக்கவில்லை.

கறிச்சட்டியில் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. நெடுநேரம் வேகும்பொழுது எலும்பிலுள்ள கொலாசன் செலற்றினாக மாறி நீரிற் கலக்கின்றது. ஆட்டெலும்புச் சூப்பு ஆறியபின் பாகுபோல் உறைவது இதனாலேதான். சூப்பில் இறங்கிய அந்தப் புரதம் எலும்பைவிட்டு நீங்கிய புரதமன்றோ? அது நீங்கியபின் எஞ்சுவது வளையாத, ஆனால் எளிதில் உடையும் பொருள். பச்சை எலும்பு பல்லின் கீழ்ச் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். வெந்த எலும்போ சட்டென உடைந்து, ஊசிபோன்ற சிராய்களாகப் பிளக்கும். கோழியின் நீண்ட எலும்புகள் மெல்லிய சுவரும் உட்குழிவும் உடையன. ஆதலால் அவை மிகுந்த கூர்மையுடன் நீளவாட்டிற் பிளக்கின்றன. பொரித்த எலும்பும் சுட்ட எலும்பும் நீரிழந்து காய்ந்தமையால் மேலுங் கொடியன.

பச்சை எலும்பாயிற் பயமில்லை என்று கொள்வதும் தவறு. அதனைக் கடித்துக் கடைவாய்ப்பல் பிளந்த நாய்கள் உண்டு. அதிலுள்ள கிருமிகள் நாய்க்கும் வீட்டாருக்கும் நோய் தரலாம். ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2010 ஆம் ஆண்டிலே, எவ்வகை எலும்பையும் நாய்க்குக் கொடுத்தலாகாது எனப் பொதுமக்களை எச்சரித்தது. கடைகளில் நாய்களுக்கென விற்கப்படும் பதப்படுத்திய எலும்புகள் பற்றியும் 2017 ஆம் ஆண்டில் அஃது எச்சரித்தது.

இனி, அறிந்திருந்தும் எலும்பு நாயின் வாய்க்குட் சென்றுவிடும் நாள் ஒன்று எந்த வீட்டிலும் வரும். எமது வீட்டில் அது 2018 ஆம் ஆண்டுத் தீபாவளியன்று வந்தது.

தீபாவளிக்கு ஊரிற் பங்கு போட்டு ஆடடிப்பதும், பங்கிறைச்சி வீடுதோறும் வந்து சேர்வதும் யாழ்ப்பாணத்தார் அறிந்ததே. அன்று ஆட்டுக்கறியோடு கோழிப்பொரியலும் ஆயிற்று. கொழும்பிலிருந்து வந்திருந்த பேரன் எட்டு வயதினன். மாடி வீட்டில் வளர்பவன். நாயோடு விளையாடுதல் அவனுக்கு விடுமுறையிற் கிடைக்கும் பெரும்பேறு. எமது நாயின் பெயர் வீமன். ஊர்நாய் இனம், ஏறக்குறையப் பதினான்கு கிலோ எடை. பெயருக்கேற்ற பசியுடையவன். எல்லோரும் உண்டு கை கழுவிய பின், பேரன் கலங்களில் எஞ்சிய எலும்புகளைத் திரட்டிக்கொண்டு மாமரத்தின் கீழே சென்றான். சற்றுப் பொறுத்து முகமலர்ச்சியுடன் வந்து, "அப்பப்பா, வீமனுக்கும் தீபாவளி குடுத்திட்டன்" என்றான்.

நாம் சென்று பார்த்தபொழுது வீமனின் வாயில் ஒரு கோழித் தொடையெலும்பு இருந்தது. இல்லாளின் தமக்கையார் அதனைப் பறிக்க ஓடினார். வீமன் உறுமிக்கொண்டு அவசரம் அவசரமாக விழுங்க முயன்றான். இங்கே முதற் பாடத்தைக் குறித்துக்கொள்க. நாயின் வாயிலுள்ளதைப் பறிக்க முயலலாகாது. பறிப்போமென்று அஞ்சினால், மென்று தின்னக்கூடியதையும் அது முழுதாக விழுங்கிவிடும். கடிபடவும் நேரும். இல்லாள் எலும்பில்லாத இறைச்சித் துண்டொன்றைக் கொணர்ந்து ஐந்தாறு அடி தொலைவிற் போட்டார். வீமன் எலும்பை நழுவவிட்டு அதனை நாடினான். எலும்பை எடுத்துக்கொண்டோம். பண்டமாற்று என்பது நாய்க்கும் விளங்கும் வியாபாரம்.

பின்னர்ப் பேரனை அருகிருத்தி, கோபங் காட்டாது விசாரித்தோம். ஆட்டு விலாவெலும்பு இரண்டு, கோழியெலும்பு மூன்று என்றான். மீட்டது ஒன்று, வயிற்றுட் போனவை நான்கு. குழந்தையை வெருட்டியிருந்தால் இக்கணக்குக் கிடைத்திராது. வைத்தியருக்கு முதலில் வேண்டியதும் இக்கணக்கே.

அதற்குள் அயலவர் கூடிவிட்டனர். எதிர்வீட்டு அண்ணர், "உப்புத் தண்ணியைப் பருக்கிச் சத்தி எடுக்கப் பண்ணுங்கோ" என்றார். தமக்கையார் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தார். வேறொருவர், மனிதருக்கு மீன்முள் சிக்கினால் சோற்றுருண்டை விழுங்குவதுபோல நாய்க்கும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர், "எங்கடை நாய் நாள்தோறும் தின்னுது, ஒண்டுஞ் செய்யாது" என்று ஆறுதல் கூறினார். நால்வரும் நல்லெண்ணத்தோடு கூறியவர்களே. விடுமுறை நாளாயினும் மிருக வைத்தியர் ஒருவர் தொலைபேசியில் அகப்பட்டார். இந்நான்கு யோசனைகளையும் அவரிடம் ஒவ்வொன்றாக வைத்தோம். அவர் கூறிய விடைகளைச் சுருக்கித் தருகின்றோம். இக்கட்டுரையில் வேறெதனை மறந்தாலும் இவற்றை மறவற்க.

வாந்தி எடுப்பிக்கலாகாது. ஒருமுறை ஊறின்றி இறங்கிய கூரிய எலும்பு, திரும்பி மேலே வரும்பொழுது உணவுக்குழாயைக் கிழிக்கலாம். அங்கே சிக்கவுங் கூடும். உப்புநீரோ தனியாகவே ஆபத்தானது. இரத்தத்தில் உப்பு மிகுந்து வலிப்பும் மரணமும் விளையும். எண்ணெய் ஊற்றலாகாது, திமிறும் நாயின் வாயில் ஊற்றிய எண்ணெய் சுவாசப்பைக்குட் புகுந்தால், எலும்பினால் வராத கேடு எண்ணெயினால் வந்துவிடும். மென்மையான உணவு கொடுக்கலாமா என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சோறு, பாண், அவித்த பூசணிக்காய் ஆகியன எலும்புத் துண்டுகளைச் சூழ்ந்து குடலைக் காக்கும் எனச் சிலர் கொள்வர். ஆனால் எலும்பு உணவுக்குழாயிற் சிக்கியிருப்பின் மேலே திணித்த உணவு இடரை மிகுவிக்கும்; மயக்கமருந்து கொடுக்க நேரின் நிறைந்த இரைப்பை வைத்தியருக்குத் தடையாகும். ஆகையால், நாய் இயல்பாக மூச்சுவிட்டு, உமிழ்நீர் வடியாது, ஓங்காளிக்காது இருந்தால் மாத்திரம், வைத்தியரின் சொற்படி சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். ஒன்றுஞ் செய்யாது என்ற ஆறுதலும் பிழை. பத்து முறை ஒன்றுஞ் செய்யாதது பதினோராம் முறை கொல்லலாம்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது என்று கேட்டோம். "ஐயா, பொறுத்திருந்து கவனமாகப் பாருங்கள். மூன்று நாள்" என்றார் வைத்தியர்.

இவ்விடையைக் கேட்டவுடன் எமக்கு ஆய்வுகூடத்துக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. நாயின் இரைப்பை சுரப்பதும் அதே ஐதரோகுளோரிக்கமிலமே. எலும்பின் கனிப்பொருளைக் கரைக்கும் வேலையை ஆசிரியரின் கிண்ணத்தில் எது செய்ததோ அதுவே வீமனின் வயிற்றிலுஞ் செய்யும். இரைப்பையிற் சேர்ந்த சிறு துண்டுகள் பல இவ்வாறு மழுங்கிக் கரைந்துவிடுகின்றன. ஆகவே பொறுத்திருத்தல் என்பது சும்மா இருத்தலன்று. இயற்கை தன் தொழிலைச் செய்ய இடங்கொடுத்து, அது தவறும் கணத்தைக் கண்டுகொள்ள விழித்திருத்தலாகும். அன்புடையவர்க்கு இதனினுங் கடினமான தொழில் வேறில்லை. கை ஏதாவது செய்யத் துடிக்கும். அக்கையைக் கட்டி வைத்தலே அன்றைய மருத்துவம்.

பார்க்க வேண்டியன எவை? மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தல், ஒன்றும் வராமல் ஓங்காளித்தல், உமிழ்நீர் ஒழுகுதல், விழுங்க முயன்று வருந்துதல், உணவையும் நீரையும் வெறுத்தல், ஓரிடத்திற் படுக்க மாட்டாது அலைதல், வயிற்றைத் தொட்டால் நோதல், அல்லது வயிறு உப்புதல், முன்னங்கால்களை நிலத்திற் படியவைத்துப் பின்புறத்தை உயர்த்தி வணங்குவதுபோல் நிற்றல், மலங்கழிக்க முக்கியும் கழியாதிருத்தல், மலம் தார்போற் கறுத்தல், அல்லது செவ்விரத்தங் கலந்திருத்தல், சோர்ந்து கிடத்தல். இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியரிடங் கொண்டு செல்லல் வேண்டும். பல்முரசையும் பார்த்தல் நன்று. நலமுள்ள நாயின் முரசு இளஞ்சிவப்பாய் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குட் பழைய நிறம் பெறும். வெளிறியே நின்றால் நிலைமை பாரதூரமானது.

எம்மவர் சமையலுக்கே உரிய ஆபத்தொன்றும் உண்டு. கறியிற் சேரும் வெண்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்திலுள்ள செங்குழியங்களைச் சிதைப்பன. அதன் விளைவு உடனே தோன்றாது; சில நாள் கழித்தே முரசு வெளிறலும் சிறுநீர் கறுத்தலும் காணப்படும். குழம்பிற் கிடந்த எலும்பு, குழம்பையுங் கொண்டே வயிற்றுட் போகின்றது. கொழுப்பு மிகுந்த இறைச்சியாற் சதையி அழற்சி அடைவதும் உண்டு. நோவு கண்டு இரங்கி, வீட்டிலிருக்கும் பரசிற்றமோல் முதலிய மனிதருக்கான மாத்திரைகளைக் கொடுத்துவிடலும் ஆகாது. அவை நாயின் ஈரலையும் இரைப்பையையும் கெடுக்கவல்லன.

முதலிரவு வீமன் அமைதியாகவே படுத்திருந்தான். விறாந்தையிற் பாய் விரித்து நாமும் இருந்தோம். பேரன் உறங்க மறுத்தான். நடுச்சாமத்தில் மெல்ல அருகில் வந்து, "அப்பப்பா, வீமன் செத்துப்போமோ? நான் அவனுக்கு நல்லதெண்டுதானே குடுத்தனான்" என்றான். அவ்வினாவுக்குப் பொய்யான விடை கூற மனம் ஒப்பவில்லை. மெய்யான விடையும் எம்மிடம் இருக்கவில்லை. "நாங்கள் இரண்டுபேரும் விழித்திருந்து பார்ப்போம், நோவு கண்டால் உடனே கொண்டுபோவோம்" என்றோம். அவன் தன் பயிற்சிக் கொப்பியைக் கொணர்ந்து, மணிக்கு ஒருமுறை வீமன் என்ன செய்கின்றான் என்று எழுதத் தொடங்கினான். "படுத்திருக்கிறான். தண்ணீர் குடித்தான். வாலாட்டினான்." துயரத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

இரண்டாம் நாள் மாலை வீமன் வேலியோரத்திற் குந்தி நெடுநேரம் முக்கினான். வெளிவந்த சிறு மலம் சோக்குக்கட்டிபோல் வெளிறி இறுகியிருந்தது. அதன் மேல் இரண்டு துளி இரத்தம். கொப்பியில் அதையும் எழுதிவிட்டுப் பேரன் அழுதான். அன்றே வாகனம் பிடித்துச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுசென்றோம். வைத்தியர் கொப்பியை வாங்கி முழுவதையும் வாசித்தார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். பின் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தார். 1895 ஆம் ஆண்டிலே றொன்ஜன் கண்ட அக்கதிர், எலும்பைக் காட்டுவதிற் பெயர்பெற்றது. நாயின் எலும்புக்கூட்டின் நடுவே, நாய்க்குச் சொந்தமில்லாத எலும்புத் துணுக்குகளையும் அது வெண்புள்ளிகளாகக் காட்டிற்று. உணவுக்குழாயில் ஒன்றுமில்லை. இரைப்பையில் மழுங்கிய துண்டு ஒன்று. மற்றவை பெருங்குடலின் கடையில், மலத்தோடு இறுகிக் கிடந்தன. குடல் துளைபட்டதற்கான அடையாளம் காணப்படவில்லை.

வைத்தியர் தோலின் கீழ்ச் சேலைன் ஏற்றி, மலம் இளகுதற்கான மருந்துங் கொடுத்தார். வீட்டில் எனிமா கொடுக்கவோ, குதத்தில் எலும்பு தெரிந்தாற் பிடித்திழுக்கவோ கூடாது என எச்சரித்தார். வெளியே தெரிவது சிறு நுனியாகவும் உள்ளே குத்தி நிற்பது நீண்ட சிராயாகவும் இருக்கலாம். மூன்றாம் நாள் இரவு மலம் சீராக வெளியேறிற்று. நான்காம் நாட் காலை, வீமன் தன் சோற்றை உண்டு முடித்துப் பூனையின் சோற்றையுந் தேடிச் சென்றான். "பூனையின் சாப்பாட்டைக் களவெடுத்தான்" என்பதே பேரனின் கொப்பியில் இறுதிவரி.

வீமன் பிழைத்தான். எல்லா நாயும் இவ்வாறு பிழைப்பதில்லை. எலும்பு சிக்கும் இடங்கள் சில உண்டு. மேல்வாயின் இருபுறத்துப் பற்களுக்கிடையே குறுக்காக இறுகும். வளையம்போன்ற மூளையெலும்பு கீழ்த்தாடையில் மோதிரம்போல் மாட்டிக்கொள்ளும். உணவுக்குழாயினுள் மார்புக்கூட்டின் வாயிலிலும், இருதயத்தின் அடியருகிலும், இரைப்பையை அடையுமுன் பிரிமென்றகட்டின் அருகிலும் சிக்கும். அங்கே சிக்கியது நாழிகைதோறும் சுவரை அழுத்தி அழியச் செய்யும். காலத்தோடு கொண்டுசென்றால் அகநோக்குக் கருவியை இறக்கி, வயிற்றைக் கீறாமலே எடுத்துவிடல் கூடும்; காலந்தாழ்த்தினால் சத்திர சிகிச்சையும் கைகொடாதுபோம். குடலைத் துளைத்துவிட்டாலோ, வயிற்றறை முழுவதும் நஞ்சேறும். பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்திற் கற்று வெளிவந்தோர் இன்று நாட்டின் பல பாகங்களிலும் தொழில் புரிகின்றனர். எக்ஸ்கதிர்க் கருவியும் சத்திர சிகிச்சை வசதியும் எங்கே உள்ளன என்பதை, நாய் வளர்ப்போர் ஆபத்து வருமுன்னரே விசாரித்துத் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைத்தல் நன்று.

மூச்சு அடைபட்டு நாக்கு நீலம்பாரிக்கும் வேளையில் மாத்திரம் பொறுத்திருத்தல் தகாது. வாயைத் திறந்து பார்த்து, எலும்பு கண்ணுக்குத் தெரிந்து கைக்கும் எட்டினால் எடுத்துவிடல் வேண்டும். தெரியாவிடின் விரலை விட்டுத் துழாவி மேலும் உள்ளே தள்ளலாகாது. சிறு நாயாயின் பின்னங்கால்களைத் தூக்கித் தலைகீழாகப் பிடிக்கலாம். பெரிய நாயாயின் பின்னே நின்று, விலாவுக்குக் கீழே வயிற்றை உள்ளும் மேலுமாக விரைந்து அழுத்தலாம். எலும்பு வெளியேறினாலும் வைத்தியரிடங் காட்டாது விடற்க.

தொண்டையிற் சிக்கிய எலும்பைப் பற்றிப் பழைய கதைகள் இரண்டு உண்டு. ஓநாயின் தொண்டையிற் கொக்குத் தன் கழுத்தை நீட்டி எலும்பெடுத்த ஈசாப்புக் கதையைக் கீழ்வகுப்பில் எல்லோரும் படித்திருப்போம். பௌத்த சாதகக் கதைகளுள் ஒன்றிலே ஓநாய்க்குப் பதிலாகச் சிங்கமும், கொக்குக்குப் பதிலாக மரங்கொத்தியும் வருகின்றன. அம்மரங்கொத்தி கொக்கினும் விவேகமுடையது. வாய்க்குட் புகுமுன் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே ஒரு தடியை நாட்டிவிட்டே சென்றது. அப்பறவையின் எச்சரிக்கை நம் நாட்டில் நமக்கு மிகவும் வேண்டியது. ஏனெனில், தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலத் தோன்றும் நோய் ஒன்று உண்டு. அதுவே விசர்நாய்க்கடி நோய். அந்நோய் கண்ட நாய்கள் எல்லாம் வெறிகொண்டு ஓடிக் கடிப்பன அல்ல. சில நாய்களுக்குத் தாடையும் தொண்டையும் செயலிழந்து, வாய் திறந்தபடி தொங்கும், உமிழ்நீர் ஒழுகும், விழுங்க முடியாது, குரல் மாறும். பார்ப்பவர், ஐயோ, எலும்பு சிக்கிவிட்டதே என்று இரங்கிக் கையை உள்ளே விடுவர். அந்த இரக்கமே அவர் உயிருக்கு உலை வைத்துவிடும். நோயின் அறிகுறிகள் மனிதரிடத்துத் தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது.

ஆகவே எலும்பு தின்றதைக் கண்ணாற் கண்டிராத நாயின் வாயில், சிறப்பாகத் தெருநாயின் வாயிலும் தடுப்பூசி ஏற்றாத நாயின் வாயிலும், வெறுங்கை வைத்தலாகாது. வைத்துவிட்டவர், அல்லது கீறலிலோ கண்ணிலோ வாயிலோ உமிழ்நீர் பட்டவர், அவ்விடத்தை ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவல் வேண்டும். தோலாயிற் சவர்க்காரமும் இடுக. அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. 1885 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப்பு மைசுற்றருக்கு உலூயி பாஸ்ற்றர் ஏற்றிய தடுப்பு மருந்தின் வழிவந்தது இன்று நமக்கு இலவசமாகக் கிடைக்கின்றது. அதனைப் பெறாது விடுவோமாயின் பழி நம்முடையதே. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றியிருந்தாலன்றி, அதன் வாயைத் திறந்து பார்க்கும் துணிவு எவருக்கும் வரலாகாது. தீபாவளியன்று வீமனின் வாயை நாம் திறந்து பார்க்க முடிந்தது, அவனுடைய தடுப்பூசி அட்டை அலுமாரியில் இருந்தமையாலேயே.

இனி, எலும்பை என்செய்வது? உண்டு எழுந்தவுடன் எலும்புகளை மூடியுள்ள வாளியொன்றில் இடுக. குப்பைக்கூடையிலும் வேலியோரத்திலும் போட்டது நாய்க்குப் போட்டதே. வளவுடையோர் இரண்டு மூன்று அடி ஆழத்திற் குழிதோண்டிப் புதைத்து, மேலே கல்லொன்றைப் பாரமாக வைக்கலாம். கல்சியமும் பொசுபரசும் மண்ணோடு சேரும். தென்னைக்கும் வாழைக்கும் அவை வேண்டியனவே. விருந்துக்கு வருவோருக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கும், உண்ண இருக்குமுன்னரே சொல்லி வைத்தல் வேண்டும். நாய்க்கு விருந்து வைக்க விரும்பும் குழந்தையைத் தடுத்தல் கூடாது. எலும்பும் தூளும் வெண்காயமும் இல்லாது அவித்த இறைச்சித் துண்டு நாலைந்தை அவன் கையிற் கொடுத்து அனுப்புக. கொடுக்கும் இன்பமும் குறையாது. கொள்ளும் உயிருக்கும் ஊறில்லை.

கலியாண மண்டபங்களிலும், சங்கங்களின் இராப்போசனங்களிலும் எஞ்சுவன இவற்றினும் பலமடங்கு. நள்ளிரவில் மண்டபத்தின் பின்புறத்தே கொட்டப்படும் கோழியெலும்புக் குவியலைச் சுற்றி எத்தனை தெருநாய்கள் நிற்கின்றன என்பதை நாம் கண்டிருக்கின்றோம். அவற்றுக்குக் கணக்கெழுதும் கொப்பியும் இல்லை, விழித்திருப்பாரும் இலர், எக்ஸ்கதிரும் இல்லை. மூன்றாம் நாள் எங்கோ ஒரு மதிலடியிற் சுருண்டு கிடப்பதைக் கண்டு, யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டு கடந்து செல்வோம். பழைய மாணவர் கூடியுண்ணும் இடங்களிலேனும், எலும்புக்கென மூடியோடு கூடிய தனி வாளியொன்று வைக்கப்படல் வேண்டும். அஃது எங்கே கொட்டப்படுகின்றது என்பதைப் பார்ப்பதற்கு உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். ஒரு வாளியின் விலைதான் செலவு. அப்பொறுப்பை ஏற்பதற்கு ஆள் கிடையாவிடின், எமது பெயரைக் குறித்துக்கொள்க.